மின்மினி பார்க்கப் போகிறவர்கள் பார்க்காத கோலசிலாங்கூர்

கோலசிலாங்கூருக்கு நம்மவர்கள் போய்வரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புவார்கள். புக்கிட் மெலாவத்தியில் குரங்கோடு ஒரு படம். பாசிர் பெனாம்பாங்கில் நண்டும் இறாலும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினி. இரவு பதினோரு மணிக்குள் வீடு. அந்த ஊரில் படுத்து எழுந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்க ஆள் கிடைக்காது.

இந்த முறை நான் இரண்டு இரவு தங்கினேன். புக்கிட் ரோத்தானில் சின்னம்மா வீடு இருக்கிறது. அந்த வீட்டில் இன்னும் பெட்டிப் பால் வாங்குவதில்லை. காலை ஆறரை மணிக்கு வாசலில் மோட்டார் சத்தம் கேட்கும். பழைய குளிர்பானப் போத்தலில் நிரப்பிய பால், இன்னும் மாட்டின் சூடு ஆறாமல், கேட்டில் தொங்கும் பையில் வந்து விழும். கொண்டுவருகிறவரைச் சின்னம்மா ‘பால்கார அக்கா’ என்பார். பத்து வருடமாகப் பால் வாங்கியும் சின்னம்மா அவருடைய கொட்டகையைப் பார்த்ததில்லை. நான் பார்க்க வேண்டும் என்றேன். “நாளைக்கு நாலு மணிக்கு வா தம்பி. அஞ்சு மணிக்கு வந்தா பால் கறந்து முடிஞ்சிடும்” என்றார் அக்கா.

அதற்கு முன் வழியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2011இல் திறந்த லத்தார் நெடுஞ்சாலையில் வந்தால் அசாம் ஜாவா வரை வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். எனக்குப் பிடித்தது காப்பார், ஜெராம் வழியாக வரும் பழைய ஐந்தாம் எண் சாலை. இடது பக்கம் கடல் இருப்பது தெரியாது, வாசனை மட்டும் வரும். வலது பக்கம் செம்பனை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அந்த மரங்களுக்கு நடுவே ஒரு காலத்தில் லயங்கள் இருந்தன. லயங்கள் போய்விட்டன, கோயில்கள் சில நிற்கின்றன, தோட்டத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் சுமந்துகொண்டிருக்கின்றன. துவான் மீ, ஹோப்புல், ராஜா மூசா, ரிவர்சைட் என்று பள்ளிப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் வட சிலாங்கூரின் பழைய தோட்ட வரைபடம் கிடைத்துவிடும்.

இரண்டு பால்

மலேசியத் தமிழனுக்குப் பால் என்றால் இரண்டு பால். என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ‘பால் எடுக்கப் போனார்’ என்று பாட்டி சொன்னால், ரப்பர் மரத்தடியா மாட்டுக் கொட்டகையா என்பதை நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியற்காலை என்றால் மாடு. பிரட்டு முடிந்த பிறகு என்றால் மரம். மத்தியானம் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்குப் போவது மரத்துப் பால். சாயங்காலம் மறுபடியும் மாட்டுப் பால்.

லயத்தில் மாடு வைத்துக்கொள்ள அன்றைய துரைமார்கள் விட்டதற்குத் தாராள மனசு மட்டும் காரணமில்லை. கூலி குறைவு. மாடு வைத்திருக்கும் குடும்பம் கூலி உயர்வு கேட்டுச் சட்டென்று கிளம்பாது. ரப்பர் மரங்களுக்கு இடையே வெயில் விழுந்ததால் புல்லும் தாராளம். பத்து வீட்டுக்கு இரண்டு வீட்டில் கறவை இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் கிடைத்தது. பட்டணத்தில் ‘வங்காளிப் பால்’ என்று சீக்கியர்கள் வைத்திருந்த கொட்டகைகளுக்குப் பெயர். தோட்டத்துப் பக்கம் அது நம் ஆட்களின் வேலை.

நம் முன்னோரோடு இந்தியாவிலிருந்து மாடுகளும் கப்பலேறி வந்தன. பல தலைமுறை இங்கேயே பெருகிய அந்த இனத்தைக் கால்நடை அதிகாரிகள் ‘உள்நாட்டு இந்தியக் கறவை’ என்று குறித்தார்கள். உருவத்தில் சிறியது, பாலும் கொஞ்சம்தான். ஆனால் வெயிலும் உண்ணியும் அதை ஒன்றும் செய்யாது. 1970களில் அரசாங்கத்தின் கால்நடைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களைத் தொடங்கியது. கூடவே பஞ்சாபின் சாஹிவாலையும் ஹாலந்தின் ஃபிரீசியனையும் கலந்த இனத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பரப்பியது. இன்று கோலசிலாங்கூர்ப் பக்கம் நீங்கள் பார்க்கும் மாடுகள் இந்தக் கலவைகளின் கலவை. அக்காவின் கொட்டகையில் ஒன்று செம்மண் நிறம், ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று திமில் வைத்த சுத்தமான நாட்டு மாடு. அதன் பெயர் லெட்சுமி. எல்லாக் கொட்டகையிலும் ஒரு லெட்சுமி உண்டு.

நாலு மணிக் கொட்டகை

கொட்டகை தோட்டத்து எல்லையில் இருக்கிறது. முன்பு லயத்தின் பின்கட்டாக இருந்த இடம். பழைய தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஓரமாகச் சாணம் வழிந்தோட ஒரு கால்வாய். கொசுவுக்குத் தேங்காய் மட்டையில் புகை போட்டிருந்தார்கள். பத்தொன்பது உருப்படி. அதில் கறப்பது ஏழு. மற்றவை சினை, கிடேரி, கன்று, இரண்டு காளை.

அக்காவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தலையில் டார்ச் விளக்கு. முதலில் கன்றை விட்டு ஊட்டவிட்டு, மடி இறங்கியதும் கன்றைப் பக்கத்தில் கட்டி, வெந்நீர்த் துணியால் காம்பைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எவர்சில்வர் வாளியில் முதல் பீச்சு விழும் சத்தம் தனி. பிறகு நுரை கட்டியதும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். கறவை இயந்திரம் வாங்கவில்லையா என்று கேட்டேன். “ஏழு மாட்டுக்கு மெஷினா? கரண்டு பில்லு யாரு கட்டுறது? அதோட லெட்சுமி மெஷினைக் கண்டா உதைப்பா.” கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிடுகிறார். இதைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய மாமியாராம்.

தீவனம்தான் செலவு. செம்பனைக் கொட்டையிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு, தவிடு, சோயா சக்கை. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் நெல் அறுவடை முடிந்தால் வைக்கோல் கட்டு வரும். அங்கே ஆண்டுக்கு இரண்டு போகம். ஆகவே வருடத்தில் இரண்டு முறை அக்காவின் மகன் லோரி பிடித்துக்கொண்டு வடக்கே போகிறார். சுற்றுலாப் பயணிகள் பச்சை வயலைப் படம் பிடிக்கப் போகும் அதே சாலைதான். அவர்கள் போகும் மாதம் வேறு, இவர் போகும் மாதம் வேறு. வயல் பொட்டலாகக் கிடக்கும்போதுதான் இவருக்கு வேலை.

ஐந்தரைக்கு வடிகட்டி, போத்தல்களில் ஊற்றி, மோட்டாரின் இரு பக்கமும் கட்டிய கூடைகளில் அடுக்கினார். இருபத்துச் சொச்சம் வீடுகள், ஒரு கோயில், ஓர் ஒட்டுக்கடை. ஒட்டுக்கடையில்தான் பசியாறினோம். அக்காவின் பாலில் கடைக்காரர் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். பக்கத்து மேசைகளுக்கெல்லாம் தே தாரேக் போனது. அது டின்னிலிருந்து. நாட்டில் ‘இனிப்புக் கிரீமர்’ என்று விற்கும் அந்த டின்னின் லேபிளைப் படித்துப் பாருங்கள். அதில் செம்பனை எண்ணெய் இருக்கும். மாட்டுக்குப் புல் முளைத்த நிலத்தில் செம்பனை வந்தது சரி. தேத்தண்ணியில் மாட்டின் இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அக்காவின் வருமானத்தில் இரண்டு மேடு உண்டு. ஒன்று தைப்பூசம். பால்குடம் எடுப்பவர்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி வைப்பார்கள். அந்த மூன்று நாள் வாடிக்கை வீடுகளுக்குக் கூடப் பால் குறையும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இன்னொன்று ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானுக்குக் காளை வாங்கக் கம்பத்து மலாய்க்காரர்கள் வருவார்கள். விற்கும் அன்று அக்கா கொட்டகைப் பக்கம் போகமாட்டார், மகன்தான் கயிற்றை மாற்றிக் கொடுப்பார். “காசு வேணும், ஆனா பாக்க முடியாது” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாடு எங்கே போகும்?

இந்தக் கொட்டகைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நிலத்துக்குச் சொந்தமான நிறுவனம் தோட்டத்துக்குள் மாடு மேயக் கூடாது, கொட்டகையையும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இப்படிக் கடிதம் வாங்கியவர் அக்கா மட்டும் அல்ல. கடந்த பல ஆண்டுகளாக நாடெங்கும் தோட்டத்து மாட்டுக்காரர்கள் இதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள்.

நிறுவனங்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநடவு செய்த இளஞ்செம்பனையின் குருத்தை மாடு தின்னும். ஒரே தடத்தில் நூறு மாடு நடந்தால் மண் இறுகிப்போகும். இருட்டில் சாலைக்கு வரும் மாட்டின்மேல் மோட்டார் மோதி ஆள் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கட்டாமல் விட்டுவிட்டுக் கறக்கும் நேரத்துக்கு மட்டும் தேடிப்போகும் மாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அக்காவே நல்ல வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் வளர்ந்த மரங்களுக்கு அடியில் மாடு மேய்ந்தால் களை குறையும், களைக்கொல்லிச் செலவும் குறையும். இது நம் ஆட்கள் மட்டும் சொல்வதல்ல, செம்பனையோடு மாடு வளர்க்கும் முறையை இந்த நாட்டின் ஆய்வாளர்களே பரிந்துரைத்திருக்கிறார்கள். முதுகில் தெளிப்பான் கட்டிக்கொண்டு பாராகுவாட் அடித்த பெண்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வந்து, அப்படியும் அடித்தார்கள். அந்த மருந்துக்கு 2020இல்தான் முழுத் தடை வந்தது. அக்காவும் எட்டு வருடம் மருந்து அடித்தவர். “நான் அடிச்ச மருந்தை விட என் மாடு தின்ன புல்லு அதிகம்” என்று அவர் சொன்னபோது சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

வேலி போட்டுச் சுழற்சி முறையில் மேய்க்க ஒப்பந்தம் செய்தால் இரண்டு தரப்புக்கும் வழி உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கு மாட்டுக்காரர்களும் காதில் அடையாளம் குத்தி, எண்ணிக்கையை எழுதிக் கொடுத்து, கால்நடைத் துறையின் பரிசோதனைக்கு மாட்டைக் காட்ட வேண்டும். அக்காவின் மாடுகளுக்குக் காது வளையம் இருக்கிறது, கோமாரித் தடுப்பூசி அட்டையும் இருக்கிறது. இல்லாதது நிலம்.

செம்பனைக்கும் இந்த மாவட்டத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு, பலருக்குத் தெரியாது. மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான், பெஸ்தாரி ஜெயா பக்கம் தொடங்கியது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு அவர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் விருதை வாங்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! செம்பனைக்கு நம் வாயில் பெயர் புழங்கும் முன்பே அதன் முதல் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் வந்துவிட்டது.

பெஸ்தாரி ஜெயா என்று நான் எழுதினாலும் சின்னம்மாவுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். 2007இல் பெயரை மாற்றினார்கள். அதற்கும் அப்பால் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த கதையை இந்நாளேட்டின் வாசகர்கள் அறிவார்கள். வீடு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் எந்த வீட்டுத் திட்டத்திலும் மாட்டுக்கு இடம் வரைவதில்லை. தாமானுக்குக் குடிபோன மாட்டுக்காரர் முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரரிடம் சாண வாடைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அடுத்த மாதம் நகராண்மைக் கழகத்தின் அபராதச் சீட்டு வரும். அதோடு கறவை முடிந்தது.

“எல்லாத்தையும் வித்துடலாம்னு மகன் சொல்றான். வித்தா ஒரு கார் வாங்கலாம். ஆனா காலையில நாலு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துடுமே, அப்ப நான் என்ன பண்றது?” என்று கேட்டார் அக்கா. என்னிடம் பதில் இல்லை. அருகில் தரமான பசும்பாலுக்கு ஆசைப்படும் புதிய தாமான்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. வாங்க ஆள் இருக்கிறது, கறக்க ஆளும் இருக்கிறது. நடுவில் நாலு ஏக்கர் இல்லை, அவ்வளவுதான்.

சைக்கிளில் பால் ஊற்றிய காலத்தை அக்காவின் கணவர் சொன்னார். அவருடைய அப்பா, துரை எதிரில் வந்தால் பால் கேனோடு சைக்கிளை விட்டு இறங்கி நிற்பாராம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கூலி, மருத்துவம், கள்ளுக்கடை என்று பெரிய பெரிய கோரிக்கைகளுக்கு நடுவே அதையும் எழுதினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மலையும் ஆறும்

இரண்டாம் நாள் மற்றவர்களைப் போல நானும் ஊர் சுற்றினேன். புக்கிட் மெலாவத்தி உயரமான மலை ஒன்றுமில்லை, மெதுவாக நடந்தால் கால்மணி நேரம். 1784இல் டச்சுக்காரர்கள் சுல்தான் இப்ராஹிமிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் திருப்பிப் பிடித்துவிட்டார். பெயர் மட்டும் கலங்கரை விளக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதை 1907இல் கட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆக, டச்சுக்காரனின் கோட்டை ஓராண்டுகூடச் சரியாகத் தாங்கவில்லை, அவன் ஊர் மாடு மட்டும் அக்காவின் கொட்டகையில் சௌக்கியமாக அசைபோடுகிறது.

இலைக்குரங்குகளின் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், தாயோ சாம்பல் கறுப்பு. பார்க்க அழகு. அவை இலை தின்னும் வயிறு கொண்டவை. ரொட்டி கொடுக்காதீர்கள். மலையடிவாரத்துச் சதுப்பு நிலப் பூங்கா 1987லிருந்து இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அரைநாள் போவது தெரியாது. எனக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது, கொசு முக்கியக் காரணம்.

மின்மினிக்கு வருவோம். கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகுதான், இயந்திரச் சத்தம் கிடையாது. நாலு பேர் உட்கார்ந்தால் படகு நிறைந்துவிடும். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இலைகளில் ஆண்பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைகின்றன. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தோன்றாது. கண் இருட்டுக்குப் பழகியதும் மரம் முழுவதும் மூச்சு விடுவது போல இருக்கும். படகில் யாரும் பேசவில்லை.

படகோட்டி ஒரு விஷயம் சொன்னார். மரம் மட்டும் இருந்தால் போதாது. மின்மினியின் புழு வளர்வது மரத்தில் அல்ல, கரையோர ஈரமண்ணில். நத்தையைத் தின்று வளர்கிறது. நீப்பாவும் சாகுவும் நின்ற கரையை வெட்டிச் செம்பனை நட்டால், மருந்து அடித்தால், மேலே மரம் நிற்கும், அதில் மின்ன ஆள் இருக்காது. சிறுவயதில் பார்த்ததைவிட இப்போது குறைவு என்றார் அவர். கரையில் எது நிற்கிறது, அதன் கீழே என்ன தெளிக்கிறார்கள் என்பதுதான் இங்கேயும் பேச்சு. காலையில் கொட்டகையில் கேட்ட அதே பேச்சு.

போக நினைப்பவர்களுக்கு

மின்மினிக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது, பௌர்ணமி வெளிச்சத்தில் அவை மங்கிப்போகும். மழை பெய்தால் படகு விடமாட்டார்கள். கேமராவின் மின்வெட்டொளி கூடாது. அமாவாசை சமயத்தில் கடல் நன்றாக வற்றும் என்பதால், சாசாரானிலிருந்து படகில் போய்ப் பார்க்கும் ‘வானக் கண்ணாடி’ மணல்திட்டையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புக்கிட் ரோத்தானில் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தின் கற்சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாசிர் பெனாம்பாங்கில் உட்கார்ந்து சாப்பிடும் முன் விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ எந்த ஒட்டுக்கடையில் கேட்டாலும் யாராவது ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தருவார்கள். பாத்திரம் நீங்கள் கொண்டுபோவது உத்தமம். வாங்கியதைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு அக்கா மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார், இப்போதைக்குச் சாலையோர மேட்டில்தான் மேய்கின்றன.